சிஸ்டம் 11,650 கிலோ நெல்லைக் காணவில்லை என்கிறது, நான் கையெழுத்துப் போடவா?

பரந்தன்_பொடியன்

வணக்கம் அண்ணைமார், அக்காமார். கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டிருக்கிறார்கள், அதற்கு முன்னர் வெளியில் யாரிடமாவது கேட்க வேண்டும்.

நான் கிளிநொச்சிப் பக்கம் ஒரு பெரிய கொம்பனியில் பிராந்திய ஐ.ரி. ஆள். பெயர் வேண்டாம். தலைமையகம் கொழும்பில், நாடு முழுக்கக் கிளைகள், இங்கே பச்சை நெல் வாங்கி உலர்த்தி ஆலைக்கு அனுப்புகிற நிலையம். வவுனியாவில் படித்துவிட்டு வந்து நாலு வருடமாக இதே இடம்தான். ஐ.ரி. என்றால் பிரிண்டரில் சிக்கிய தாளை இழுப்பதில் இருந்து மனேஜரின் போனுக்கு வட்ஸ்அப் போட்டுக் கொடுப்பது வரை.

போன வருடம் தலைமையகத்துக்குப் புதிதாக ஒரு டிஜிட்டல் தலைவர் வந்தார். கெட்டிக்காரர், நன்றாகக் கதைப்பார். கொழும்பில் ஹோட்டல் எடுத்து விழா வைத்து, ஜனவரி 1 முதல் எல்லாக் கிளைக்கும் ஒரே ஈ.ஆர்.பி. (வாங்குவது, களஞ்சியம், கணக்கு எல்லாம் ஒரே இடத்தில் பதிகிற மென்பொருள்), இனிமேல் கொப்பியும் எக்செல்லும் கிடையாது என்று அறிவித்தார்கள். ஜனவரியில் இங்கே என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காலபோக அரிவு வெட்டு தொடங்கி விடும். மெசின் வயலுக்குள் இறங்கினால் இரவு பகல் இல்லை, ரிப்பரும் லாண்ட்மாஸ்டரும் கேற்றிலிருந்து ஏ9 வீதி வரை நிற்கும். அந்த நேரத்தில் எங்களுக்கு ஒரு ரப்லெற்றைக் கொடுத்துச் சிஸ்டத்தில் ஏற்று என்றார்கள். பயிற்சி இரண்டு நாள் சூமில், பாதி ஆங்கிலம் பாதி சிங்களம். தமிழ் மெனு இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் பதிவு முடிந்ததும் அமத்த வேண்டிய 'போஸ்ட்' பட்டனுக்கு 'தபால்' என்று போட்டிருந்தார்கள். எங்கள் களஞ்சிய அண்ணை முதல் நாள் முழுக்க அதைத் தொடவே இல்லை. தபாலில் அனுப்ப இதில் என்ன இருக்கிறது என்று என்னிடம் கேட்டார்.

அந்த அண்ணை முன்பு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் இருந்தவர், நெல்லைக் கையில் அள்ளியே ஈரம் சொல்லுவார். அவரிடம் ஒரு கொப்பி உண்டு. லோட் இலக்கம், மொத்த எடை, சாக்குக் கழிவு, மீற்றர் காட்டிய ஈரம், படங்கில் எத்தனை நாள் காய்ந்தது, காய்ந்த பிறகு எடை. சிஸ்டத்தில் இதில் எடை மட்டும்தான் இருக்கிறது. 'நெல் - நாடு' (நாடு என்பது நெல்லின் வகை) என்று ஒரே ஒரு பொருள், பச்சையும் அதுதான் காய்ந்ததும் அதுதான். ஆகவே பகலில் கொப்பியில் எழுதி, நெற்வேர்க் கிடைக்கிற இரவில் நானும் அவரும் இருந்து சிஸ்டத்துக்கு ஏற்றினோம். கொழும்பில் ஒரு டாஷ்போர்ட் இருக்கிறது, யார் எத்தனை தரம் லொகின் பண்ணினார்கள் என்று பார்த்துப் பச்சை, சிவப்பு போடும். நாங்கள் காலையில் ஒரு தரம் லொகின் பண்ணிவிட்டுக் கொப்பியை எடுப்போம். மூன்று மாதமும் பச்சைதான்.

மார்ச் 31 வருட முடிவுக் கணக்கெடுப்பில்தான் பிரச்சினை. சிஸ்டப்படி 160,000 கிலோ வாங்கியிருக்கிறோம். ஆலைக்குப் போனதும் கையில் இருப்பதும் சேர்த்து 148,350. 11,650 கிலோ குறைகிறதாம். களஞ்சிய அண்ணை 14 நாளுக்குள் விளக்கம் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பெறுமதியைச் சம்பளத்தில் பிடிப்போம் என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம். எனக்கு ஒரு படிவம், 'சிஸ்டத் தரவு சரியானது என உறுதிப்படுத்துகிறேன்'. காய்ந்தால் நெல் எடை குறையும் சேர் என்று போனில் சொன்னேன். மாற்றத்தை எதிர்க்கிற மனநிலையை முதலில் மாற்றுங்கள் என்றார்கள்.

போடவா, விடவா? போடாவிட்டால் எனக்கு வேலை இருக்குமா?


பழைய_கணக்கர்

தம்பி, முதலில் பேனையை மூடி வை.

கணக்கு இதுதான். 20 வீத ஈரமுள்ள பச்சை நெல் 100 கிலோ வாங்கினால் அதில் தண்ணீர் 20 கிலோ, மிச்சம் 80 கிலோதான் பொருள். 14 வீதத்துக்குக் காய வைத்தால் அந்த 80 கிலோவும் அப்படியே இருக்கும், ஆனால் அது இப்போது மொத்தத்தில் 86 வீதம். 80 ஐ 0.86 ஆல் பிரி, 93.02 கிலோ வரும். நூற்றுக்கு ஏழு கிலோ வெயிலுக்குப் போய்விட்டது. பலர் இருபதில் பதினாலு போனால் ஆறு என்று கழிப்பார்கள், அது பிழை.

உன் 160,000 கிலோவும் சராசரி 20 வீதம் என்று வைத்தால் காய்ந்த பிறகு 148,837 வர வேண்டும். உன்னிடம் இருப்பது 148,350. ஆகவே விளக்கம் சொல்ல வேண்டியது 487 கிலோவுக்கு, 11,650 க்கு அல்ல. வாங்கியதில் ஆயிரத்துக்கு மூன்று. சிந்தினது, எலி, குருவி, சாக்குக் கிழிந்தது எல்லாம் அதற்குள் வரும். நான் கணக்குப் பார்த்த காலத்தில் இதைவிடக் கூடவும் பார்த்திருக்கிறேன், காரணத்தோடு.

ஆனால் சராசரியை நம்பி எழுதாதே. அண்ணையின் கொப்பியை எடுத்து ஒவ்வொரு லோட்டையும் அதனதன் ஈரத்தோடு தனித்தனியே போடு. எழுபது கிலோ கொண்டுவந்தவனும் ஏழாயிரம் கிலோ கொண்டுவந்தவனும் சராசரியில் ஒன்றாக நிற்பார்கள், அங்கேதான் பிசகும். கொப்பியின் பக்கங்களை இன்றைக்கே போட்டோக்கொப்பி எடு, மூலக்கொப்பியை யாரிடமும் கொடுக்காதே.


வவுனிக்குளத்தான்

எல்லோரும் கொப்பிக்குக் கற்பூரம் காட்டுகிறீர்கள், நான் மற்றப் பக்கம் சொல்லுகிறேன், கோபிக்க வேண்டாம். நானும் ஸ்டோர்ஸில் இருந்தவன், அப்பா விதைப்பவர், இரண்டு பக்கமும் தெரியும். கொப்பியில் எழுதுகிறவனின் கையில்தான் ஈரம் இருக்கிறது. மீற்றர் 20 காட்டினால் கொப்பியில் 22 எழுது. 22 இலிருந்து 14 க்கு வந்தால் 100 கிலோ 90.7 ஆகும், அதாவது நூற்றுக்கு இரண்டு கிலோவுக்கு மேல் யாருக்கும் தெரியாமல் வேலியால் போகலாம். இப்படிப் போன நெல்லை நான் கண்ணால் கண்டவன். கொழும்புக்காரன் கொப்பியை ஒழி என்றால் அதற்கும் ஒரு காரணம் இருக்கிறது.

உங்கள் அண்ணை அப்படி என்று சொல்லவில்லை. அவர் நல்லவர் என்பதற்கு உங்கள் கொப்பி ஆதாரம் ஆகாது, அதை மட்டும் சொல்லுகிறேன்.


பழைய_கணக்கர்

வவுனிக்குளத்தான் சொல்வது நியாயம். ஆனால் அதற்கு வழி விவசாயியிடமே இருக்கிறது. பச்சை நெல்லுக்கு ஈரத்தைப் பார்த்துத்தான் விலை போடுவார்கள், அப்படியென்றால் விவசாயிக்குக் கொடுத்த பில்லில் ஈரம் எழுதியிருக்கும், அதன் பிரதி அவர் வீட்டில் இருக்கும். பில்லில் 20, கொப்பியில் 22 என்றால் கள்ளம். இரண்டும் ஒன்றென்றால் கொப்பி நிற்கும். தம்பி, பில் பிரதிகளில் ஒரு ஐம்பதை எடுத்துக் கொப்பியோடு ஒப்பிட்டுப் பார்.


வெள்ளவத்தை_முள்ளியவளை

நான் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன், பெரிய கொம்பனிகளுக்கு ஈ.ஆர்.பி. போட்டுக் கொடுக்கிற பக்கம். ஆகவே என்னையும் சேர்த்துத்தான் திட்டுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி, இது சொப்ட்வெயாரின் பிழை இல்லை. நல்ல ஈ.ஆர்.பி. எதிலும் இதற்கு வழி இருக்கிறது. பச்சை நெல் ஒரு பொருள், காய்ந்த நெல் இன்னொரு பொருள். நடுவில் 'உலர்த்தல்' என்று ஒரு உற்பத்திக் கட்டளை. 100 கிலோ பச்சை உள்ளே போனால் 93 கிலோ காய்ந்தது வெளியே வரும், ஏழு கிலோ செய்முறை இழப்பு, கணக்கு நேர். ஒரு வரி கோட் எழுதத் தேவையில்லை, ஒழுங்காக உட்கார்ந்தால் ஒரு வாரத்து வேலை. பிறகு ஏன் செய்யவில்லை? தொடக்கத்தில் கொழும்பில் பட்டறை வைப்பார்கள், நாங்கள் ஒரு நீளக் கேள்விப் பட்டியலோடு போவோம். அதில் ஒரு கேள்வி இருக்கும், பொருள் களஞ்சியத்தில் இருக்கும்போது எடை மாறுமா என்று. அந்த அறையில் நிதிப்பிரிவு இருக்கும், ஐ.ரி. இருக்கும், டிஜிட்டல் தலைவரின் ஆட்கள் இருப்பார்கள், நெல்லைக் கையில் அள்ளினவர் ஒருவரும் இருக்க மாட்டார். யாரோ ஒருவர் 'இல்லை' என்பார், நாங்களும் எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போவோம். அப்படி ஒரு 'இல்லை'யை நானும் எழுதிக்கொண்டு போனவன், வேறு கொம்பனியில், வேறு பொருளுக்கு. ஆறு மாதம் கழித்துத் தெரிந்தது.

தலைமையகம் ஏன் பிடிவாதம் பிடிக்கிறது என்பதற்கும் கதை இருக்கிறது. ஜெர்மனியின் லிடில் சுப்பர்மார்க்கெட், பத்தாயிரத்துக்கு மேல் கடை உள்ள நிறுவனம். 2011 இல் எஸ்.ஏ.பி. என்ற ஈ.ஆர்.பி. மென்பொருளைப் போடத் தொடங்கினார்கள். லிடில் தன் சரக்கை வாங்கின விலையில் கணக்கு வைக்கும், அந்த மென்பொருளோ விற்கிற விலையில் வைக்கும். பழக்கத்தை மாற்ற மாட்டோம், மென்பொருளை மாற்றுங்கள் என்று சொல்லி மாற்றி மாற்றி, ஏழு வருடம் கழித்து 2018 இல் முழுவதையும் கைவிட்டார்கள். ஏறத்தாழ 500 மில்லியன் யூரோ போனதாகச் செய்தி வந்தது. அதற்குப் பிறகு எந்தத் தலைவரைப் பார்த்தாலும் ஒரே மந்திரம், மென்பொருளைத் தொடாதே, ஆளை மாற்று. பாதி சரி. ஆனால் பழக்கத்தை மாற்றலாம், தண்ணீர் ஆவியாகிறதை எப்படி மாற்றுவது? இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவருக்குத்தான் எல்லாமே 'மாற்றத்தை எதிர்க்கும் மனநிலை'யாகத் தெரியும்.

ஜனவரியில் தொடங்கினது பற்றி, இதுவும் உலகத்தில் முதல் தரம் இல்லை. அமெரிக்காவின் ஹேர்ஷீஸ் சொக்லேட் கொம்பனி 48 மாதம் தேவை என்று சொன்ன வேலையை 30 மாதத்துக்கு இறுக்கி 1999 ஜூலையில் புதுச் சிஸ்டத்துக்கு மாறியது. அங்கே ஒக்டோபர் கடைசியில் ஹலோவீன், இனிப்பு விற்கிற காலம். களஞ்சியத்தில் சொக்லேட் இருந்தது, கடைகளில் ஓடர் இருந்தது, நடுவில் சிஸ்டம் நின்றது. கிட்டத்தட்ட 100 மில்லியன் டொலர் ஓடரை அனுப்ப முடியாமல் போனது. அவர்களுக்கு ஹலோவீன், எங்களுக்குக் காலபோகம்.

கடிதம் எழுதும்போது சிஸ்டம் பிழை என்று எழுதாதே, உடனே கதவை மூடுவார்கள். 'உலர்த்தல் என்ற செயல்முறை சிஸ்டத்தில் இன்னும் சேர்க்கப்படவில்லை, ஆகவே ஈர இழப்பு குறைபாடாகக் காட்டப்படுகிறது' என்று எழுது. அவர்களின் மொழி அது. ஆங்கிலத்தில் எழுத உதவி வேண்டுமென்றால் எனக்குத் தனிமடல் போடு.


குரொய்டன்_மாமி

மகன், நான் நெடுங்கேணி, இப்போது இங்கிலாந்தில் இருபத்தைந்து வருடம். உங்கள் கொம்பனி விசயம் எனக்குத் தெரியாது, ஆனால் உங்கள் பதிவை வாசித்து எனக்குக் கை நடுங்கியது. நான் இங்கே ஒரு சின்னத் தபாற்கந்தோர் கவுண்டரில் சம்பளத்துக்கு நின்றவள்.

இங்கே தபாற்கந்தோர்களுக்கு 1999 இல் ஹொரைசன் என்று ஒரு கணினி அமைப்புக் கொண்டுவந்தார்கள், புஜிட்சு கொம்பனியின் கையில் இருந்தது. மாலையில் கணக்கு முடித்தால் காசு குறைகிறது என்று காட்டும். குறைகிற காசைத் தபாலதிபர் தன் கையால் போட வேண்டும், ஒப்பந்தம் அப்படி. எத்தனையோ பேர் வீட்டை ஈடு வைத்துப் போட்டார்கள், எங்கள் ஆட்களும் இந்தியாக்காரரும் இதில் கனபேர். உதவிக்குப் போன் எடுத்தால் சொல்லுகிற ஒரு வசனம் இருந்தது, வேறு ஒருவருக்கும் இந்தப் பிரச்சினை இல்லை, உங்களுக்கு மட்டும்தான். ஒவ்வொருவருக்கும் இதையே சொன்னார்கள். 900 பேருக்கு மேல் குற்றவாளி ஆக்கப்பட்டார்கள், சிலர் சிறைக்குப் போனார்கள், சிலர் உயிரையும் விட்டார்கள். அலன் பேற்ஸ் என்ற ஒரு தபாலதிபர் விடாமல் நின்று 555 பேரைச் சேர்த்து வழக்குப் போட்டு, 2019 இல்தான் நீதிமன்றம் பிழை கணினியிலும் இருந்தது என்று தீர்ப்புச் சொன்னது. 2024 இல் பாராளுமன்றமே ஒரு சட்டம் கொண்டுவந்து அந்தத் தீர்ப்புகளை ரத்துச் செய்தது. இருபத்தைந்து வருடம்.

அந்த நாட்களில் கனபேர் பயத்தில் கணக்குச் சரி என்று கையெழுத்து வைத்துவிட்டார்கள். வைத்ததுதான் பிறகு அவர்களுக்கு எதிராகவே நீதிமன்றத்தில் வந்தது. ஆகவே உங்கள் அண்ணையும் வைக்கக் கூடாது, நீங்களும் வைக்கக் கூடாது. இன்னொன்று, இன்றைக்கே மற்ற நிலையங்களுக்குப் போன் எடுங்கள். உங்களுக்கு மட்டுமா, எல்லோருக்குமா என்று கேளுங்கள். நாங்கள் அந்த ஒரு போனை எடுக்காமல்தான் இத்தனை வருடம் போனது.


வவுனிக்குளத்தான்

மாமி, வாசித்தேன், கஷ்டமாக இருக்கிறது. ஆனால் பாருங்கள், அங்கேயும் கீழே இருந்தவன்தான் சிறைக்குப் போனான். மேலே விழா வைத்தவருக்கு என்ன ஆனது? ஒன்றும் ஆகாது. இங்கேயும் அப்படித்தான், அந்த டிஜிட்டல் தலைவர் அடுத்த வருடம் இன்னொரு கொம்பனியில் இருப்பார், நெல் அண்ணை வீட்டில் இருப்பார்.


வெள்ளவத்தை_முள்ளியவளை

பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் ஒரு தரம் வேறு மாதிரியும் நடந்தது. இங்கிலாந்தில் ரி.எஸ்.பி. வங்கி, 50 லட்சத்துக்கு மேல் வாடிக்கையாளர். 2018 ஏப்ரலில் அப்போதைய தாய் நிறுவனமான ஸ்பெயினின் சபடெல் வங்கியின் புதுச் சிஸ்டத்துக்கு ஒரே வார இறுதியில் எல்லோரையும் மாற்றினார்கள். திங்கட்கிழமை 19 லட்சம் பேர் வரை தங்கள் கணக்குக்குள் போக முடியவில்லை. பிறகு விசாரித்தால், இரண்டு தரவு மையங்களில் ஒன்றில் மட்டும்தான் சுமைச் சோதனை (கனபேர் ஒரே நேரத்தில் வந்தால் தாங்குமா என்று பார்ப்பது) செய்திருந்தார்கள். வங்கிக்கு 2022 இல் 48.65 மில்லியன் பவுண் தண்டம். அதோடு நிற்கவில்லை, 2023 இல் அப்போதைய தகவல் தொழில்நுட்பத் தலைவருக்குத் தனிப்பட 81,620 பவுண் தண்டம் போட்டார்கள். வேலையைச் செய்கிற நிறுவனம் நாங்கள் ரெடி என்று எழுதிக் கொடுத்ததை அவர் சரியாகத் துருவிப் பார்க்கவில்லை என்பதுதான் அவர் மேல் குற்றச்சாட்டு.

இங்கே அப்படி ஒரு ஒழுங்குவிதி இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்கள் தலைவருக்கும் இப்படி யாரோ ரெடி என்று எழுதிக் கொடுத்திருப்பார்கள். அந்தத் தாள் எங்கே, அதில் 'உலர்த்தல்' சோதித்துப் பார்த்ததாக இருக்கிறதா என்று கடிதத்தில் பணிவாக ஒரு வரி கேட்கலாம். படிவத்தில் உன்னிடம் கையெழுத்துக் கேட்கிறவர்கள் ஏன் கேட்கிறார்கள் என்று இப்போது விளங்குகிறதா?


பரந்தன்_பொடியன்

எல்லோருக்கும் நன்றி, ஐந்து நாளாக வர முடியவில்லை. நடந்ததைச் சொல்லுகிறேன்.

கையெழுத்துப் போடவில்லை. கணக்கர் ஐயா சொன்னபடி லோட் லோட்டாகப் போட்டேன், மூன்று இரவு போனது, அண்ணை வாசிக்க நான் எக்செல்லில் அடித்தேன் (ஒழிக்கப்பட்ட எக்செல்தான்). காய்ந்த பிறகு 148,790 வர வேண்டும். இடைவெளி 440 கிலோ. பில் பிரதி ஐம்பது எடுத்துப் பார்த்தோம், 48 சரி. இரண்டில் வித்தியாசம், இரண்டும் ஒரே இரவு, அன்றைக்கு அண்ணை காய்ச்சலில் வரவில்லை, கொப்பி எழுதினது நான். வவுனிக்குளத்து அண்ணை, நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. அதையும் மறைக்காமல் கடிதத்தில் எழுதியிருக்கிறேன்.

மாமி சொன்ன போனை எடுத்தேன். முருங்கனுக்கு எடுத்தேன், அம்பாறைக்கு எடுத்தேன், எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் பொலன்னறுவைக்கும் எடுத்தேன். பச்சை நெல் வாங்கின எல்லா இடத்திலும் நூற்றுக்கு ஆறு, ஏழு, எட்டு என்று குறைகிறது. காய்ந்த நெல்லை மட்டும் வாங்குகிற ஒரு நிலையத்தில் ஒன்றுமே குறையவில்லை. எல்லோருக்கும் தனித்தனிக் கடிதம், எல்லோரும் தங்களுக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு இருந்தார்கள். பொலன்னறுவைக்காரர் முதல் தவணையைக் கட்டியும் விட்டார்.

அந்த அட்டவணையை ஒரு பக்கத்தில் போட்டு டிஜிட்டல் தலைவருக்கே நேராக அனுப்பினேன், மனேஜருக்கும் பிரதி போட்டு. முள்ளியவளை அண்ணைதான் ஆங்கிலத்தைத் திருத்தித் தந்தார். இரண்டு நாள் சத்தமில்லை. நேற்றுப் பின்னேரம் அவரே போன் எடுத்தார். முதலில் கேட்ட கேள்வி, அப்படியென்றால் உங்கள் பக்கம் மூன்று மாதமும் டாஷ்போர்ட் ஏன் பச்சையாக இருந்தது? லொகின் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. திட்டவும் இல்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை தானே வருகிறாராம், கொப்பியைப் பார்க்க வேண்டுமாம், சம்பளத்தில் பிடிப்பதை அதுவரை நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கிறாராம். எழுத்தில் தாருங்கள் என்று கேட்டேன், இன்னும் வரவில்லை.

அண்ணைக்குச் சொன்னேன். வரட்டும், தராசடியில் நிற்க வைத்துக் காட்டுவோம் என்றார். பிறகு ஒரு சந்தேகம் கேட்டார், எனக்கும் பதில் தெரியவில்லை. எங்கள் பெரிய தராசின் முத்திரைத் திகதி போன மாதத்தோடு முடிந்திருக்கிறது. அவர் வருவதற்கு முன்னர் அதைச் செய்விக்கலாமா?


பழைய_கணக்கர்

அளவீட்டு அலகுகள் நியமங்கள் திணைக்களத்து ஆட்கள் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) இருப்பார்கள், திங்கட்கிழமை காலையிலேயே போ. பழைய முத்திரைச் சான்றிதழையும் கொண்டு போ, நெல் வாங்கின மூன்று மாதமும் அதற்குள்தான் வருகிறது, அதுதான் முக்கியம். அதிலும் ஒரு போட்டோக்கொப்பி எடுத்து வை.